சுவரில் இருந்த கருவியும் சட்டம் தந்த உரிமையும்: பிரிட்டனில் வீட்டு மின்மீட்டரின் வரலாறு

பிரிட்டனில் ஒரு குடும்பம் தனக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை 1998 செப்டம்பரில் தொடங்கி, 1999 மே மாதத்துக்குள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றின் எல்லா வட்டாரங்களுக்கும் படிப்படியாக வழங்கப்பட்டது. சட்டத்தைப் பொறுத்தவரை மாளிகையில் வாழ்பவருக்கும் நகராட்சிக் குடியிருப்பில் வாழ்பவருக்கும் அந்த உரிமை ஒன்றே. ஆனால் நடைமுறையில் அது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை, மாடிப்படிக்கு அடியிலோ வாசலை ஒட்டிய அலமாரியிலோ பொருத்தப்பட்டிருந்த மீட்டரே தீர்மானித்தது. பழைய நிறுவனத்தின் கட்டண முறைக்கென்றே அமைக்கப்பட்ட மீட்டரும், புதிய நிறுவனத்தின் கணினியால் படிக்க முடியாத மீட்டரும், கடன் பாக்கியைத் தன்னுள் சுமந்திருந்த முன்கட்டண மீட்டரும் இருந்த வீடுகளில், அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தாமல் நிறுவனத்தை மாற்றுவது அரிதாகவும் சில நேரங்களில் நட்டம் தருவதாகவும் இருந்தது. இந்த நிலை எப்படி உண்டாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள, வீட்டு மீட்டர் எந்தக் காலத்தில் யாருடைய தேவைக்காக உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பொதுமக்களுக்கான மின் வழங்கல் 1881-இல் இங்கிலாந்தின் கோடால்மிங் என்ற சிற்றூரில் தொடங்கி, 1882-இல் மின்விளக்குச் சட்டம் இயற்றப்பட்டபோது, மின்சாரம் என்பது பெரும்பாலும் விளக்கு என்ற ஒரே பயனைக் குறித்தது. எனவே எத்தனை விளக்கு என்று எண்ணிக் கட்டணம் வாங்குவதே எளிய வழியாக இருந்தது. ஆனால் விளக்கை விடிய விடிய எரிய விடுபவரும் ஒரு மணி நேரத்தில் அணைப்பவரும் ஒரே தொகையைச் செலுத்தும் அந்த முறை, மின் நிலையத்தில் நிலக்கரிக்குச் செலவிட்டவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882-இல் மின் நிலையம் அமைத்த எடிசன், துத்தநாகக் கரைசலில் துத்தநாகத் தகடுகளைத் தோய்த்துவைத்த ஒரு கண்ணாடிச் சாடியை மீட்டராகப் பயன்படுத்தினார். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் சிறு பகுதி அதன் வழியே பாயும்போது ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து மற்றதில் படியும், மாதம் ஒருமுறை நிறுவனத்தின் ஆள் வந்து தகட்டை எடுத்துச் சென்று எடை பார்த்தால் செலவான மின்சாரம் தெரிந்துவிடும். அறிவியல் நோக்கில் அது நேர்மையான முறைதான், எனினும் அதில் பயனாளர் தம் கண்ணால் படித்துச் சரிபார்க்க எதுவுமில்லை. ஜெர்மனியின் ஹெர்மன் ஆரோன் 1884-இல் உருவாக்கிய ஊசல் மீட்டரும், லிவர்பூலில் பிறந்த செபாஸ்டியன் த ஃபெராண்டி அதே பத்தாண்டில் உருவாக்கிய பாதரச மீட்டரும் எண்பலகையில் அளவைக் காட்டின. கணக்கு விற்பவரின் தராசிலிருந்து வாங்குபவரின் சுவருக்கு இடம்பெயர்ந்தது அப்போதுதான்.

மாறுதிசை மின்னோட்டம் பரவியபின், அதற்கேற்ற மீட்டரை அமெரிக்காவில் ஆலிவர் ஷாலன்பெர்கர் 1888-இலும் புடாபெஸ்டில் ஓட்டோ பிளாத்தி 1889-இலும் உருவாக்கினர். பிளாத்தியின் கருவியே பின்னர் உலகெங்கும் வீடுகளில் சுழன்ற தட்டு மீட்டரின் மூதாதை. வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தோடு இணைந்த ஒரு கம்பிச்சுருளும், வீட்டில் செலவாகும் மின்னோட்டம் பாயும் மற்றொரு சுருளும் சேர்ந்து ஓர் உலோகத் தட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகின்றன. அவை தட்டைச் சுழற்றுகின்றன. நிலைக்காந்தம் ஒன்று தடையாக நின்று, செலவாகும் திறனுக்குச் சரியான விகிதத்தில் மட்டுமே தட்டு சுழலுமாறு பார்த்துக்கொள்கிறது. தட்டின் சுற்றுகளைப் பற்சக்கரங்கள் எண்ணுகின்றன. இந்தத் தட்டு 40, 50 ஆண்டுகள்கூடப் பழுதின்றிச் சுழன்றது என்பதும், அதனாலேயே அதை மாற்ற வேண்டிய அவசரம் எந்த நிறுவனத்துக்கும் எழவில்லை என்பதும் பிற்கால வரலாற்றுக்கு முக்கியமானவை. மீட்டர் எண்ணிய அலகான கிலோவாட் மணியைப் பிரிட்டன் தன் வணிக வாரியத்தின் பெயரால் வழங்கியது. தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் ‘எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது’ என்று கேட்கும்போது குறிக்கப்படுவது அந்த அலகே.

தொடக்கத்தில் பிரிட்டனின் மின்துறை ஒரே துறையாக இருக்கவில்லை. 1918 வாக்கில் லண்டனில் மட்டும் சுமார் 70 அமைப்புகள், 50 வகை வழங்கல் முறைகளிலும் 24 வெவ்வேறு மின்னழுத்தங்களிலும் 10 வெவ்வேறு அதிர்வெண்களிலும் மின்சாரம் வழங்கின. தெரு மாறினால் விளக்கும் மீட்டரும் பயனற்றுப்போகும் நிலை. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய மின்கட்டமைப்புக்கு வழிகோலிய பின், ஒரே அதிர்வெண்ணுக்கு மாறும்பொருட்டு வட்டாரம் வட்டாரமாகக் கருவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. 1936-இல் மீட்டர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்து, அரசு அங்கீகரித்த வடிவங்களே பயன்பட வேண்டும், அவை சோதித்துச் சான்றளிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. மீட்டர் உண்மையான செலவைவிட 2.5 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகவோ 3.5 விழுக்காட்டுக்கு மேல் குறைவாகவோ காட்டலாகாது என்ற வரம்பு, பிழை நேர்ந்தால் அது வாங்குபவர் பக்கமே சற்றுச் சாய வேண்டும் என்ற நல்லெண்ணத்தைக் காட்டுகிறது. 1948 ஏப்ரல் 1 அன்று மின்துறை தேசியமயமாக்கப்பட்டபின் வீட்டு மீட்டர் வட்டார மின் வாரியத்தின் சொத்தாயிற்று. வாங்க வேறு கடை இல்லாத காலத்தில் மீட்டர் யாருடையது என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நீண்ட அமைதிக்காலத்திலும் எல்லா வீட்டு மீட்டரும் ஒன்றாக இருந்துவிடவில்லை. வாடகை அறைகளிலும் வருமானம் குறைந்த குடும்பங்களிலும் நாணய மீட்டர்கள் பொருத்தப்பட்டன. ஷில்லிங் நாணயத்தைத் துளையில் இட்டுத் திருகினால் அந்தத் தொகைக்குரிய மின்சாரம் வரும், அது தீர்ந்தால் விளக்கு அணையும். வசூலிப்பவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வந்து பெட்டியைத் திறந்து எண்ணி, கணக்குக்கு மேல் சேர்ந்திருந்த நாணயங்களை அங்கேயே திருப்பிக் கொடுப்பார். பணம் நிறைந்த பெட்டி திருடர்களை ஈர்த்ததால் 1980களில் டோக்கன், சாவி, அட்டை ஆகியவற்றால் இயங்கும் முன்கட்டண மீட்டர்கள் வந்தன. இவற்றுள் டோக்கன் மீட்டருக்கு ஒரு பெருங்குறை இருந்தது: கட்டணம் உயர்ந்தால் ஊழியர் நேரில் வந்து மீட்டரைத் திருத்தியமைக்கும் வரை அது பழைய கட்டணத்திலேயே கணக்கிடும், வித்தியாசம் வீட்டாரின் கடனாக ஏறிக்கொண்டிருக்கும். கேட்ட பணத்தை முன்கூட்டியே கொடுத்தவர், தம் தவறு எதுவுமின்றிக் கடனாளியானார் என்பதை இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பக்கங்களுள் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

நாணய மீட்டர் வறுமைக்காக உருவானது என்றால், இரவு மீட்டர் மின் நிலையங்களின் வசதிக்காக உருவானது. நிலக்கரி நிலையங்களையும் அணுமின் நிலையங்களையும் இரவில் நிறுத்திக் காலையில் தொடங்குவது செலவு மிக்கது. ஆகவே ஊர் உறங்கும் நேரத்து மின்சாரத்தைக் குறைந்த விலைக்கு விற்று, அதைச் செலவழிக்க ஸ்டோரேஜ் ஹீட்டர் எனப்படும் கணப்புகளை வாரியங்கள் ஊக்குவித்தன. உள்ளே அடர்த்தியான செங்கற்களைக் கொண்ட இந்தக் கணப்பு, இரவில் மின்சாரத்தால் சூடேறி, பகல் முழுவதும் அந்த வெப்பத்தை மெல்ல வெளிவிடும். 1978 அக்டோபரில் அறிமுகமான ‘எகானமி 7’ என்ற திட்டம் இரவில் ஏழு மணி நேரத்தை மலிவு நேரமாக வகுத்தது. அதற்கென்று பகல், இரவு என இரண்டு எண்வரிசைகள் கொண்ட மீட்டரும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிட ஒரு டைமர் சுவிட்சும் வீடுகளில் பொருத்தப்பட்டன. மின்தடை ஏற்பட்டால் பல டைமர்கள் நின்று பின்தங்கின. பெரும்பாலானவை கிரீன்விச் நேரத்திலேயே ஓடியதால் கோடையில் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும்போது மலிவு நேரமும் ஒரு மணி நேரம் பிந்தியது. இதைச் சரிபார்க்க லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்புவது இயலாது என்பதால், டைமர்களைத் தொலைவிலிருந்தே இயக்கும் வழியை வாரியங்கள் தேடின.

அந்தத் தேடலில் கிடைத்த தீர்வு, இருபதாம் நூற்றாண்டுப் பொறியியலின் மிக நேர்த்தியான உத்திகளுள் ஒன்று. பிபிசியின் நெட்டலை ஒலிபரப்பு, 1934-இல் இயங்கத் தொடங்கிய டிராய்ட்விச் நிலையத்திலிருந்தும், ஸ்காட்லாந்தின் வெஸ்டர்கிளென், பர்க்ஹெட் நிலையங்களிலிருந்தும் நாடு முழுவதையும் எட்டியது. பேச்சையும் இசையையும் சுமந்து செல்லும் அந்த வானொலி அலையின் கட்டத்தை, அதாவது அலை எழுந்து விழும் நிலையை, மிகச் சிறிதளவு முன்பின்னாக நகர்த்தினால் கேட்பவரின் காதுக்கு எதுவும் புலப்படாது. ஆனால் அதற்கென்று அமைந்த பெட்டி அந்த நகர்வுகளை எண்களாகப் படித்துவிடும். நொடிக்கு 25 பிட் என்ற வேகத்தில்தான் தகவல் சென்றது என்றாலும், குறிப்பிட்ட குழுவைச் சேர்ந்த வீடுகள் இப்போது இரவுக் கணக்குக்கு மாறலாம், இப்போது கணப்புகளை இயக்கலாம் என்று கட்டளையிட அதுவே போதுமானதாக இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் வீடுகளுக்கு வந்த இந்த ‘ரேடியோ டெலிஸ்விட்ச்’ பெட்டி மீட்டரின் அருகே சுவரில் அமர்ந்து, ஒருபுறம் எந்த எண்வரிசை ஓட வேண்டும் என்பதையும், மறுபுறம் கணப்புக்கெனத் தனியே இழுக்கப்பட்ட கம்பியில் மின்சாரம் எப்போது பாய வேண்டும் என்பதையும் ஆண்டது. குழாய்வழி எரிவாயு எட்டாத ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும், பல நகரங்களின் அடுக்குமாடிகளிலும் குளிரை விரட்டும் முக்கிய வழி இதுவாக இருந்தது. ஸ்காட்லாந்தின் சில திட்டங்களில் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து அன்றன்றைக்கு எத்தனை மணி நேரம் சூடேற்றுவது என்பதையும் வாரியமே முடிவு செய்தது. அந்த நாட்களில் அது பயனாளருக்குச் செய்த உண்மையான சேவை என்பதில் ஐயமில்லை.

1989-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அந்த ஏற்பாட்டின் அடித்தளத்தை மாற்றியது. 1990-இல் வட்டார வாரியங்களின் வாரிசுகள் தனியார் நிறுவனங்களாயின. அதே ஆண்டில் 1 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் வாங்கிய ஆலைகளுக்கும், 1994-இல் 100 கிலோவாட்டுக்கு மேல் வாங்கியவர்களுக்கும், 1998-இல் வீடுகளுக்கும் விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. கம்பியும் கம்பமும் விநியோக நிறுவனத்திடமே இருக்கும், மின்சாரத்தை விற்றுப் பில் அனுப்புவது மட்டும் விற்பனை நிறுவனத்தின் வேலை என்ற பிரிவினை இதன் மையக் கருத்து. ஆனால் மொத்தச் சந்தையில் மின்சாரத்தின் விலை அரை மணிக்கு ஒருமுறை மாறும்போது, ஒரு வீடு எந்த அரை மணியில் எவ்வளவு செலவழித்தது என்பதைச் சுழலும் தட்டு சொல்லாது. ஆலைகளுக்கு அரை மணி மீட்டர் பொருத்தியாயிற்று. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அன்றைய விலையில் அது கட்டுப்படியாகாது. எனவே மாதிரி வீடுகளின் பழக்கத்தைக் கொண்டு சராசரி நாளொன்றின் வரைவை உருவாக்கி, அதையே எல்லாருக்கும் பொருத்தும் வழி கையாளப்பட்டது. இத்தகைய எட்டு வகுப்புகளில் முதலாவது சாதாரண வீடுகளுக்கும் இரண்டாவது எகானமி 7 வீடுகளுக்கும் உரியவை. ஒவ்வொரு இணைப்புக்கும் 13 இலக்க எண் ஒன்று தரப்பட்டது. பில்லில் ‘எஸ்’ என்ற எழுத்தோடு கூடிய கட்டத்தில் அச்சிடப்பட்ட 21 இலக்கங்களில் எஞ்சியவை, வீடு எந்த வகுப்பைச் சேர்ந்தது, மீட்டர் எந்த நேரமுறையில் இயங்குகிறது, கம்பியில் இழப்பு எவ்வளவு என்பவற்றைக் கூறின.

ஒற்றை எண்வரிசை மீட்டர் இருந்த வீட்டுக்கு இந்த ஏற்பாடு போதுமானது. மாறும் நாளில் மீட்டர் காட்டிய எண்ணைப் பழைய நிறுவனம் இறுதிக் கணக்காகவும் புதிய நிறுவனம் தொடக்கக் கணக்காகவும் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. கருவி இருந்த இடத்திலேயே இருந்தது. சிக்கலெல்லாம் பழைய வாரியங்களின் தனித்திட்டங்களுக்கு ஆட்பட்ட வீடுகளில் எழுந்தது. அங்கே ஒரே வீட்டுக்குக் கணப்புக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என இரண்டு இணைப்பு எண்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் அந்த அமைப்புக்கு ஏற்ற கட்டண வீதம் புதிய நிறுவனங்கள் பெரும்பாலானவற்றிடம் இல்லை. சாதாரண மீட்டருக்கு மாறலாமே என்றால், கணப்புக் கம்பியைத் தனியே இயக்கிய ஐந்தாவது முனை புதிய மீட்டரில் இராது, வீட்டு வயரிங்கை மாற்ற வேண்டும், செலவு வீட்டாருடையது. முன்கட்டண மீட்டர் வீடுகளின் நிலையும் இதற்கு நெருக்கமானதே: கடன் பாக்கி இருந்தால் பழைய நிறுவனம் மாற்றத்தை மறுக்க முடிந்தது; குறிப்பிட்ட வரம்பு வரை கடனையும் புதிய நிறுவனத்துக்கே மாற்றிவிடும் ஏற்பாடு பின்னர் உருவாகி, அந்த வரம்பு 500 பவுண்டு வரை உயர்ந்தது.

போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2016-இல் எரிசக்திச் சந்தையை ஆராய்ந்து முடித்தபோது இந்த வீடுகளை உரிய முறையில் கண்டுகொண்டது. இத்தகைய கட்டுப்பட்ட மீட்டர் உள்ளவர்களுக்குப் பெரிய விற்பனை நிறுவனங்கள் தங்கள் ஒற்றை வீதக் கட்டணங்களை, மீட்டரை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையின்றி வழங்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. அதாவது மீட்டரில் எத்தனை எண்வரிசை இருந்தாலும் அவற்றைக் கூட்டி ஒரே விலையில் பில் போட வேண்டும். நல்ல நோக்கமுள்ள ஆணைதான் அது. எனினும், இரவு மின்சாரத்தை நம்பிச் செங்கல் கணப்பை வைத்திருந்தவருக்கு ஒற்றை வீதம் எப்போதும் ஆதாயமாக அமைவதில்லை. எது ஆதாயம் என்று கணக்கிட்டுப் பார்க்கத் தேவையான விவரமும் அவர் கையில் பெரும்பாலும் இல்லை.

இதற்கிடையில் ஸ்மார்ட் மீட்டரின் காலம் வந்திருந்தது. அரை மணிக்கொரு கணக்கைத் தானே பதிந்து தொலைவுக்கு அனுப்பும் இந்த மீட்டர், நிறுவனம் மாறுவதை எளிதாக்கும் என்பது அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட முக்கிய வாதங்களுள் ஒன்று. இத்தாலி 2001 முதல் ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 3 கோடி வீடுகளுக்கு இத்தகைய மீட்டர்களைப் பொருத்தியபோது, அந்தப் பணியைக் கம்பிகளை வைத்திருந்த விநியோக நிறுவனமே செய்தது. மீட்டர் கம்பியின் ஒரு பகுதி என்பதால், விற்பவர் எத்தனை முறை மாறினாலும் மீட்டருக்கு அதனால் பாதிப்பில்லை. பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே மீட்டரைப் பொருத்தும் பொறுப்பு விற்பனை நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பொதுவான தகவல் தொடர்பு வலையமைப்பு தயாராகும் முன்பே அவை பொருத்தவும் தொடங்கின. அதனால் முதல் தலைமுறை மீட்டர் ஒவ்வொன்றும், அதைப் பொருத்திய நிறுவனம் தனக்கென ஒப்பந்தம் செய்த செல்பேசித் தொடர்பு வழியாக அந்த நிறுவனத்தோடு மட்டுமே பேசியது. வீட்டார் வேறு நிறுவனத்துக்கு மாறியதும் பலரின் மீட்டர் கணக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது; டார்ச் விளக்கோடு அலமாரிக்குள் தலையை நுழைத்து எண்களைப் படித்துச் சொல்லும் பழைய வேலை மீண்டும் வீட்டார் தலையில் விழுந்தது. நிறுவனம் மாறும்போது இந்த வகை மீட்டர்களில் சுமார் 70 விழுக்காடு ஸ்மார்ட் செயல்பாட்டை இழந்தன என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2018-இல் கூறியது. நிறுவனம் மாறுவதற்குத் துணைசெய்ய வந்த கருவி, மாறியவரையே தண்டித்தது.

பொது வலையமைப்பை நடத்துவதற்கான உரிமம் 2013-இல் வழங்கப்பட்டு, 2016 நவம்பரில் அது இயங்கத் தொடங்கியது. எந்த நிறுவனமானாலும் அதே வலையமைப்பு வழியாக மீட்டரோடு பேசும் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் அதன் பின்னரே பரவின. முதல் தலைமுறை மீட்டர்களைத் தொலைவிலிருந்தே அந்த வலைக்குள் சேர்க்கும் பணி 2019-இல் தொடங்கியது. மாற்றத்துக்கான காலக்கெடுவும் சுருங்கி, 2022 ஜூலை 18 முதல் ஐந்து வேலை நாட்களுக்குள் ஒரு வீடு வேறு நிறுவனத்துக்கு மாற முடிந்தது. ஆயினும் 2023 இறுதியில் சுமார் 40 லட்சம் ஸ்மார்ட் மீட்டர்கள், எரிவாயு மீட்டர்களையும் சேர்த்து, ஸ்மார்ட் முறையில் இயங்கவில்லை. ஸ்மார்ட் மீட்டரை ஏற்க வேண்டும் என்று எந்த வீட்டையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மையே. ஆனால் சான்றுக்காலம் முடிந்த தட்டு மீட்டரை மாற்றியாக வேண்டும், நேரத்துக்கேற்ப விலை மாறும் மலிவுத் திட்டங்களும் ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்கே கிடைக்கும் என்ற நிலையில், அந்த விருப்பத்தின் எல்லை ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகிறது.

கடைசியாக எஞ்சியவை நெட்டலை வானொலிக்குக் கட்டுப்பட்ட வீடுகளே. ஒலிபரப்பியின் உதிரி பாகங்கள் கிடைப்பது அரிதாகி, அந்தச் சமிக்ஞையைத் தொடர முடியாது என்று தெரிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தும், நிறுத்தும் நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஜூன் 30 என்று முடிவு செய்யப்பட்ட நாள் நெருங்கியபோதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பழைய பெட்டி அகற்றப்படாமல் இருந்ததால், ஒரே நாளில் நிறுத்துவது கைவிடப்பட்டு, அன்று தொடங்கிப் பகுதி பகுதியாக நிறுத்தும் முறை மேற்கொள்ளப்பட்டது. சமிக்ஞை நின்றபின் பெட்டி இருந்தால் கணப்பு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது ஓடாமலே போகலாம் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் எச்சரித்தது. ஐந்தாவது முனையோடு கூடிய ஸ்மார்ட் மீட்டர்களும் அவற்றைப் பொருத்தத் தெரிந்த ஊழியர்களும் மலைநாட்டையும் தீவுகளையும் சென்றடைய வேண்டியிருந்தது. 1999-இல் சட்டம் எல்லாருக்கும் அளித்த உரிமை, குளிரும் செலவும் மிகுந்த இந்த வீடுகளை முழுமையாக எட்டக் கால் நூற்றாண்டு போதவில்லை. அந்தத் தாமதத்துக்குப் பொறுப்பு வீட்டாருடையது அன்று. கம்பியோடு சேர்த்து விநியோக நிறுவனத்திடம் வைத்திருக்க வேண்டிய மீட்டரை விற்பவரின் கையில் விட்ட கொள்கையுடையது.